திம்பம் பாதை இரவில் மூடியே இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சத்தியமங்கலத்திலிருந்து கர்நாடகத்துக்குப் போகிற திம்பம் மலைப்பாதையில் இரவு நேரப் போக்குவரத்துத் தடையைத் தளர்த்த வேண்டும் என்ற பேச்சு நின்றபாடில்லை. சத்தியமங்கலத்தில் எந்த லாரிப் பட்டறைக்குப் போனாலும், எந்த டீக்கடையில் நின்றாலும் இதே பேச்சுதான். அந்தப் பாதையில் லாரி ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றியவன் நான். தடை வந்த பிறகு வாடகை குறைந்துபோன வண்டிக்காரர்கள் என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். அவர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, இரவு ஒன்பது மணியிலிருந்து காலை ஆறு மணி வரை அந்தப் பாதையைக் காட்டுக்கு விட்டுவிட வேண்டும் என்பதுதான் என் கருத்து.

பண்ணாரி சோதனைச்சாவடியைத் தாண்டினால் 27 கொண்டை ஊசி வளைவுகள். மேலே திம்பம், அப்புறம் ஆசனூர், காரப்பள்ளம், அதற்கப்பால் கர்நாடகம். இத்தனையும் 2013-ல் அறிவிக்கப்பட்ட புலிகள் காப்பகத்துக்குள் வருகிற தேசிய நெடுஞ்சாலை. வளைவுகளில்தான் விலங்குகள் அதிகம் அடிபடும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். வளைவில் எல்லா வண்டியும் ஊர்ந்துதான் ஏறும். திம்பம் தாண்டிப் பாதை ஓரளவு சமமானதும், மலையேறிய சலிப்பில் எல்லோரும் ஆக்சிலேட்டரை மிதிப்பார்கள். மானுக்கு எமன் அங்கேதான்.

ஹை பீம் வெளிச்சம் முகத்தில் அடித்தால் புள்ளிமான் ஓடாது, அப்படியே நின்றுவிடும். ஒன்று கடந்துவிட்டதே என்று வண்டியை எடுத்தால் அதன் பின்னாலேயே இன்னும் நாலைந்து வரும். பகலில் தூரத்திலேயே பார்த்து நிறுத்தலாம். இரவில், அதுவும் பனி மூடிய மார்கழி, தை மாதங்களில், லைட் விழுகிற தூரத்துக்குள் லோடு வண்டியை நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று ஓட்டுகிறவனுக்குத் தெரியும். எவ்வளவு நல்ல டிரைவராக இருந்தாலும் முடியாது. சிறுத்தையோ யானையோ அடிபட்டால் செய்தி வருகிறது. முள்ளம்பன்றியும் புனுகுப்பூனையும் முயலும் செத்தால் யார் எழுதுகிறார்கள்? காலையில் அடுத்த வண்டிகள் ஏறி ஏறித் தார் ரோட்டோடு ஒட்டிப்போய்க் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

கோடையில் நிலைமை இன்னும் மோசம். மேலே குட்டைகள் வற்றினால் யானைகள் தண்ணீருக்காகப் பவானிசாகர் அணைப் பக்கம் இறங்கும். குட்டியோடு வருகிற கூட்டம் வெயில் தாழ்ந்த பிறகுதான் ரோட்டைக் கடக்கப் பார்க்கும். அந்த நேரத்தில் வரிசையாக வண்டி வந்தால் தாய் ஒரு பக்கமும் குட்டி மறுபக்கமும் நின்று பிளிறும். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் தடையை எடு என்று சொல்ல மாட்டார்கள்.

இந்தத் தடை திடீரென்று வந்ததும் இல்லை. ஈரோடு மாவட்ட ஆட்சியர் 2019 ஜனவரியிலேயே உத்தரவு போட்டுவிட்டார். மூன்று வருடம் அது காகிதத்தில் கிடந்தது. சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு 2022 பிப்ரவரி 10-லிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. பக்கத்தில் கர்நாடகத்தின் பந்திப்பூர் புலிகள் காப்பகத்தில், கேரளத்தின் வயநாட்டுக்குப் போகிற சாலையில், 2009-லேயே தொடங்கிவிட்டார்கள். வயநாட்டுக்காரர்கள் எவ்வளவோ போராடியும் அங்கே இரவுத் தடை நிற்கிறது. புலிகளின் எண்ணிக்கை இரண்டு மடங்கானதற்காக 2022-ல் நம் சத்தியமங்கலம் காப்பகத்துக்கு சர்வதேச விருது கிடைத்தது. விருது வாங்கிய காட்டுக்கு இரவில் ஒன்பது மணி நேர அமைதியைக்கூடக் கொடுக்க மாட்டோமா?

மலைக்கு மேலே இருக்கிற, சத்தியமங்கலத்துக்கு இறங்க இந்தப் பாதையையே நம்பியிருக்கிற தாளவாடி மக்களின் கோபம் எனக்கு நன்றாகவே புரிகிறது. 2022-ல் அவர்கள் கடையடைத்துப் போராடினார்கள். முட்டைக்கோஸும் தக்காளியும் விடியற்காலைச் சந்தைக்குப் போய்ச் சேராவிட்டால் விலை போகாது. பிரசவ வலி வந்த பெண்ணை நேரம் பார்த்தா கூட்டிப்போக முடியும்? அதனால்தான் ஆம்புலன்ஸுக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் விலக்கு இருக்கிறது. அந்த விலக்கை ஒழுங்காகக் கொடுக்க வேண்டும். அடையாள அட்டை காட்டுகிற விவசாயியைச் சாவடியில் காக்க வைக்கக் கூடாது. ஆனால் தாளவாடியின் பெயரைச் சொல்லி எல்லோருக்கும் கேட்டைத் திறக்கச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். இரவில் திறந்துவிட்டால் யார் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். சேலம், ஓசூர் வழி நாலுவழிச் சாலையில் டோல்கேட் கட்டணம் கட்ட மனமில்லாத நெடுந்தூர லாரிகளும், சிறுத்தை பார்க்கலாம் என்று காரில் ஸ்பாட் லைட்டோடு வருகிற கூட்டமும்தான். அந்த லைட் இன்றைக்குப் படம் எடுக்க, நாளைக்கு முயலும் மானும் வேட்டையாட. வேட்டைக்காரனுக்கு காட்டுக்குள் நடந்து போவதைவிட ரோட்டில் வண்டியில் போவது எவ்வளவோ வசதி.

ஓவர்லோடு பற்றியும் சொல்ல வேண்டும். கனரக லாரிகள் வளைவில் திரும்ப முடியாமல் சிக்கிக்கொண்டால் இரண்டு பக்கமும் வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கும். ஆம்புலன்ஸும் அதில் மாட்டும். 16.2 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு நீதிமன்றம் தடை போட்டதில் காட்டு விலங்குக்கு மட்டுமல்ல, தாளவாடிக்காரர்களுக்கும் நன்மை இருக்கிறது. எடை பார்க்காமல் விடுகிற ஒவ்வொரு வண்டியும் அவர்களுக்குத்தான் இடைஞ்சல்.

பகலிலும் ஒரு பெரிய தப்பு நடக்கிறது. கரும்பு லாரிகளைத்தான் சொல்கிறேன். கட்டுக்கு மேல் கட்டாக அடுக்கி, சோதனைச்சாவடியின் உயரத் தடுப்பில் இடிக்கிற கரும்பை உருவி ரோட்டோரம் வீசுகிறார்கள். சிலர் பாவம் என்று யானைக்கே தூக்கிப் போடுகிறார்கள். காரப்பள்ளம் பக்கம் யானைகள் லாரிக்காகவே காத்து நிற்கப் பழகிவிட்டன. தாயைப் பார்த்துக் குட்டியும் கற்றுக்கொள்கிறது. தழை தின்னக் காட்டுக்குள் போக வேண்டிய குட்டி, தார் ரோட்டில் தும்பிக்கை நீட்டி வளர்கிறது. ஒருநாள் பிரேக் பிடிக்காத வண்டி வந்தால் அதன் கதி என்ன? கரும்பு ஏற்றுகிற தோட்டத்திலேயே உயரத்தை அளந்து, தார்ப்பாய் போட்டுக் கட்டின பிறகுதான் வண்டியை எடுக்க விட வேண்டும். மீறினால் டிரைவருக்கு மட்டும் அபராதம் போட்டுப் பயனில்லை. இவ்வளவு ஏற்று என்று சொல்கிற முதலாளிக்கும் சேர்த்துப் போட வேண்டும்.

தாளவாடி அரசு மருத்துவமனையில் இரவிலும் மகப்பேறு மருத்துவர் இருக்க ஏற்பாடு செய்தால், மலை இறங்க வேண்டிய தேவையே பாதி குறையும். தாளவாடியிலேயே குளிர்பதனக் கிடங்கு கட்டினால் ராத்திரி லோடுக்கு அவசரப்பட வேண்டாம். இரவில் ரோட்டைத் திறக்கக் கேட்கிற எங்கள் பகுதி மக்கள் பிரதிநிதிகள் முதலில் இந்த இரண்டையும் கேட்டு வாங்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர்,
சத்தியமங்கலம், ஈரோடு மாவட்டம்.