மலைப்பாதைக்கு எந்தக் கியர்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஹோண்டா எலிவேட் போன்ற சிறிய எஸ்யூவியில் கையால் கியர் மாற்றும் மேனுவலா, தானாகவே மாறிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் வகையான சிவிடியா என்று தயங்குவோர் மைலேஜை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. அந்த 1.5 லிட்டர் பெட்ரோல் வண்டியில் மேனுவலுக்கு லிட்டருக்கு 15.31 கி.மீ., சிவிடிக்கு 16.92 கி.மீ. என்பது நிறுவனம் அறிவித்த கணக்கு. ஆட்டோமேட்டிக் என்றாலே பெட்ரோலைக் குடிக்கும் என்ற பழைய பேச்சு இங்கே எடுபடாது. சிவிடியில் இரண்டு கப்பிகளுக்கிடையே ஓடும் எஃகுப் பட்டை கியர் விகிதத்தைப் படியின்றி மாற்றுவதால், கிண்டி நெரிசலில் கிளட்சை மிதித்து மிதித்து இடது கால் ஓய்ந்துபோகும் தொல்லையும் இல்லை.

ஆனால், 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையில் சிவிடி வண்டியின் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் எஞ்சின் முதலில் இரைகிறது, வேகம் பிறகுதான் வருகிறது. இறங்கும்போது இரண்டாம் கியரின் பிடிமானத்தில், பிரேக்கைச் சூடேற்றாமல் வருவதும் மேனுவலில் எளிது. அடிக்கடி மலையேறும் நான் அதையே வாங்கினேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், நாமக்கல்.