கீழ் வீட்டு ரேடியோ

பாரிஸ்
டிசம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து நாளாகிறது. வேலை அதிகம், அதனால்தான் தாமதம். வேறொன்றுமில்லை.

போனில் பேசும்போதெல்லாம் பின்னால் ஒரு ஆள் ஓயாமல் பிரெஞ்சில் பேசுகிறானே, யாரைக் கூட வைத்திருக்கிறான் என்று அம்மா கேட்கச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அறையில் நான் மட்டும்தான். அது கீழ் வீட்டுக் கிழவருடைய ரேடியோ. பி.எஃப்.எம். பிசினஸ் என்று வியாபாரச் செய்திக்கென்றே ஒரு நிலையம். 1992-இல் தொடங்கியதிலிருந்து கேட்கிறாராம். 2010-இல் டிவியாகவும் வந்துவிட்டது. மனிதர் இரண்டையும் ஒன்றாக வைத்துவிடுவார். டிவிச் சத்தம் ரேடியோவுக்குச் சில நொடி பின்னால் வரும். ஆக, எங்கள் கட்டடத்தில் பங்கு விலை இறங்கினால் இரண்டு தடவை இறங்கும். காது மந்தம் வேறு.

ராத்திரி லா தெஃபான்ஸில் ஆபீஸ்களைக் கூட்டித் துடைத்துவிட்டு நான் படியேறும்போது ‘குட் மார்னிங் பிசினஸ்’ ஓடிக்கொண்டிருக்கும். பெயர்தான் இங்கிலீஷ், பேச்செல்லாம் பிரெஞ்சு. ஒன்பதுக்குச் சந்தை திறக்கும்; நம் ஊரில் அப்போது மதியம் ஒன்றரை. சாயங்காலம் ஐந்தரைக்கு மூடும்வரை ‘காக் கராந்த்’ ஜபம்தான். நாற்பது பெரிய கம்பெனிகளின் குறியீட்டெண் அது. 1987 கடைசியில் ஆயிரம் என்று வைத்துத் தொடங்கிய கணக்கு, இப்போது எட்டாயிரத்தைச் சுற்றி நிற்கிறது. ஏறினால் கிழவர் படியில் நிறுத்திக் குசலம் விசாரிப்பார். இறங்கினால் பொன்ழூர் என்று ஒரு வணக்கம்கூடக் கிடையாது.

செல்வம் மாமாவிடம் ஒன்று சொல்லுங்கள். சென்னை ஹார்பரில் சிஎம்ஏ சிஜிஎம் என்று எழுதிய கன்டெய்னர்களைப் பார்த்திருப்பாரே, அந்த மர்சேய் கப்பல் கம்பெனிதான் 2024-இல் இந்த நிலையத்தையும் வாங்கியிருக்கிறது.

ஒருநாள் கிழவருக்கு ரசம் கொடுத்தேன். ஒரு மடக்குக் குடித்துவிட்டு மூக்கைச் சிந்தினார். பதிலுக்கு அறிவுரை: லிவ்ரே ஆ என்ற சேமிப்புக் கணக்கைத் திற, வட்டிக்கு வரி கிடையாது. வட்டியை ஆகஸ்டில் 2.4-இலிருந்து 1.7 சதவீதமாக அரசாங்கம் குறைத்துவிட்டது என்று அதையும் திட்டினார். 22,950 யூரோ வரை போடலாமாம். அந்த வரம்பு என்னைத் தடுக்க இன்னும் நாளிருக்கிறது.

குளிர் பரவாயில்லை. ஹீட்டர் போட்டால் தொண்டை வறள்கிறது, அதனால் அதிகம் போடுவதில்லை. லா ஷப்பலில் யாழ்ப்பாணத்துக்காரர் கடைகளில் முருங்கைக்காய், கருவாடு எல்லாம் கிடைக்கிறது. பார்த்துவிட்டு வந்தேன். இப்போதெல்லாம் அதில் அவ்வளவு ஆசையில்லை.

சனிக்கிழமை கிழவர் மகள் வீட்டுக்குப் போய்விடுவார். அன்றைக்குப் பார்த்து எனக்குத் தூக்கம் வராது. அங்கே மார்கழி பிறந்திருக்கும். விடிகாலையில் கோயில் ஸ்பீக்கர் அலறும், அம்மா கோலமாவு டப்பாவைத் தேடுகிறேன் என்று வீட்டையே எழுப்பிவிடுவாள். எத்தனை நாள் போர்வைக்குள் இருந்துகொண்டு திட்டியிருக்கிறேன். சரி, அதை விடுங்கள்.

திருநள்ளாறு ரோட்டு மூன்று மா நிலத்தை விற்று ஷேரில் போடலாம் என்கிறானாமே தம்பி? வேண்டவே வேண்டாம். நாள் முழுக்கச் சந்தை கேட்கிற கிழவரே இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார் என்று சொல்லுங்கள். எப்படியும் பத்திரம் தாத்தா பெயரில். அத்தை கையெழுத்தில்லாமல் ஒன்றும் நடக்காது. அத்தையைப் பகைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

சித்தப்பா குத்தகை நெல் பாக்கியைக் கொடுத்தாரா? சம்பா அறுவடைக்கு முன்பே பேசிவிடுங்கள், அப்புறம் பிடிக்க முடியாது. சீட்டுக்கு இந்த மாதம் பாதிதான் அனுப்புகிறேன். வருஷக் கடைசியில் இங்கே பேங்கில் எல்லாம் மெதுவாகத்தான் நடக்கும். மீதி பொங்கலுக்குள் வரும். மலர் அக்கா வளையலுக்கு வட்டி கட்டிய ரசீது பீரோவின் மேல்தட்டில் இருக்கிறதா என்று பார்த்து, கெடு தேதியை எனக்கு எழுதுங்கள். தம்பியிடம் கேட்காதீர்கள், நீங்களே பாருங்கள்.

அன்புள்ள மகன்,
குமார்