முதலில் வயரிங்குக்கும் மின்பலகைக்கும் நிதி ஒதுக்குங்கள்

வீட்டு எரிசக்தி மானியத் திட்டங்களை வகுக்கும் துறையினருக்கும் மின் வழங்கல் நிறுவனத்தாருக்கும் வணக்கம்.

எரிவாயுவிலும் எண்ணெயிலும் இயங்கும் அடுப்பையும், வீட்டையும் நீரையும் சூடாக்கும் கொதிகலனையும் மின்கருவிகளாக மாற்றுமாறு மக்களை அழைக்கிறீர்கள். அந்த அழைப்பை முழுமனத்துடன் ஏற்கிறேன். கொதிகலனுக்கு மாற்றாக வரும் ஹீட் பம்ப் என்ற மின்கருவி, வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை உள்ளே கொண்டுவருவதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம் தருகிறது. இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறினால், எரிவாயுச் சுடரிலிருந்து சமையலறைக் காற்றில் கலக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடு இல்லாமல் போகும்; ஆஸ்துமா உள்ள குழந்தை வாழும் வீட்டில் இது சிறிய விஷயம் அன்று.

ஆனால் மானியம் பெரும்பாலும் கருவியின் விலையைப் பார்த்தே வழங்கப்படுகிறது. பழைய வீடுகளில் குடும்பத்தைத் திணறடிக்கும் செலவு சுவருக்குள் இருக்கிறது: அடுப்புக்குத் தனி சர்க்யூட் இழுக்க வேண்டும், வீட்டுக்கு வரும் மின்சாரத்தைப் பிரித்தளிக்கும் மின்பலகையில் அதற்கு இடம் இருக்காது, பலகையை மாற்றினால் அனுமதிக்கப்பட்ட மின்சுமையை உயர்த்தவும் விண்ணப்பிக்க வேண்டும்.

அமெரிக்காவில் 2022இல் இயற்றப்பட்ட பணவீக்கக் குறைப்புச் சட்டம் இதற்கு இரண்டு வழிகளைக் கையாண்டது. ஒன்று, ஹீட் பம்ப் செலவில் 30 விழுக்காட்டை, ஆண்டுக்கு 2,000 டாலர் வரை, வருமான வரியில் கழித்துக்கொள்ளும் சலுகை. முழுத் தொகையையும் முதலில் கையிலிருந்து போட வேண்டியிருந்ததாலும், கழிக்க வரியே இல்லாதவருக்குப் பயன் இல்லை என்பதாலும், அது ஏழைகளைப் பெரும்பாலும் எட்டவில்லை. அந்தச் சலுகையும் 2025ஆம் ஆண்டின் இறுதியோடு முடிக்கப்பட்டது. மற்றொன்று, குறைந்த, நடுத்தர வருமானக் குடும்பங்களுக்கு வாங்கும்போதே விலையில் கழிக்கப்படும் தள்ளுபடி. அதில் மின்பலகைக்கு 4,000 டாலர் வரையும் வயரிங்குக்கு 2,500 டாலர் வரையும் தனியே இடம் பெற்றன. பின்பற்றத் தக்கது இந்த இரண்டாவது வழிதான் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்றையும் கவனியுங்கள். கொதிகலனைப் பலரும் திட்டமிட்டு மாற்றுவதில்லை; அது திடீரென்று பழுதாகும்போதுதான் மாற்றுகிறார்கள். வெந்நீரின்றித் தவிக்கும் குடும்பம் மானிய ஒப்புதலுக்காக வாரக்கணக்கில் காத்திருக்காது, கைக்குக் கிடைக்கும் எரிவாயுக் கருவியையே பொருத்திக்கொள்ளும், அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு அந்த வீடு அதிலேயே நின்றுவிடும். ஆகவே வயரிங் வேலையை, கருவி பழுதாவதற்கு முன்பே, தனித் திட்டமாகச் செய்துகொள்ள நிதி கொடுங்கள். பெரிய கருவிகள் ஒரே நேரத்தில் இயங்காதபடி சுமையைப் பகிரும் சாதனங்களுக்கும் அனுமதி அளித்தால், பல வீடுகளில் மின்பலகையை மாற்றும் தேவையே எழாது.

வாடகை வீடுகளில் சிக்கல் வேறு. செலவு செய்ய வேண்டியவர் வீட்டு உரிமையாளர், மின்கட்டணமும் எரிவாயுக் கட்டணமும் செலுத்துபவர் குடியிருப்பவர். அதனால் இருவருமே அசைவதில்லை. உரிமையாளருக்கு மானியம் தரும்போது, அந்த வேலையைக் காரணம் காட்டிக் குறிப்பிட்ட காலத்துக்கு வாடகையை உயர்த்தக் கூடாது என்ற நிபந்தனையையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மின் நிறுவனங்கள் மீதிச் செலவை மாதக் கட்டணத்தோடு தவணையாகப் பிடிக்கலாம். ஆனால் அந்தத் தவணை, மாற்றத்தால் மிச்சமாகும் தொகையை விஞ்சாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அக்கறையுள்ள ஒரு மின்நுகர்வோர்