குமரனின் துப்பாக்கி

லங்காஸ்டர், பென்சில்வேனியா
டிசம்பர் 19

அன்புள்ள சேது,

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. கமலாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே நான்கு நாளாகப் பனி கொட்டுகிறது. என் முழங்காலுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை.

குமரன் போன ஞாயிறு துப்பாக்கியோடு வந்திருந்தான். 50 காலிபர், அதாவது குழலின் உள்விட்டம் அரை அங்குலம். வாய் வழியே மருந்தையும் குண்டையும் கெட்டித்து, சிக்கிமுக்கிக் கல்லில் பறக்கும் பொறியால் சுடும் வகை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இந்த மாநிலத்தில் அத்தகைய துப்பாக்கிக்கென்றே மான் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. பையன் ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் யாரோ கொடுத்தார்கள் என்று ஒரு வெடிமருந்து டப்பாவையும் கொண்டுவந்தான் பார், அதைக் கண்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

வெள்ளைத் தாளில் கொஞ்சம் கொட்டிப் பார்த்தோம். கறுப்பாகத்தான் இருந்தது. டப்பாவில் ஒட்டியிருந்த தாளைப் படித்தால், தோட்டாக்களில் அடைக்கிற புகையற்ற மருந்து! இவன் துப்பாக்கிக்கு வேண்டிய மருந்தோ வேறு, அதை ஆங்கிலத்தில் ‘கறுப்புத் தூள்’ என்கிறார்கள். நிறத்தைப் பார்த்து இவனும் ஏமாந்துவிட்டான். நம் ஊரில் கரிமருந்து என்கிறோம். அந்தப் பெயரில் நிறமும் இருக்கிறது, உள்ளே கரி இருக்கிறது என்ற செய்தியும் இருக்கிறது. புகையற்ற மருந்தில் கரி கிடையாது, அது நைட்ரோசெல்லுலோஸ். கரிமருந்துக்கென்று செய்த குழலில், கரிமருந்தை அளக்கிற அதே குவளையால் அதை அளந்து போட்டால் அழுத்தம் தாறுமாறாக ஏறிக் குழல் வெடிக்கும். கண்ணோ விரலோ போகும், உயிரே கூடப் போகலாம். “கொஞ்சமாகப் போட்டால்?” என்று கேட்டான். ஒரு சிட்டிகை கூடக் கூடாது, கரிமருந்தோடு கலந்தும் கூடாது என்று அடித்துச் சொன்னேன். தாள் கிழிந்த டப்பாவில், வேறு பாட்டிலில் வருகிற எந்த மருந்தையும் தொடாதே என்றும் சொல்லியிருக்கிறேன்.

பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்துகள் நல்லவைதான். அவற்றை எடையால் அல்ல, கரிமருந்துக்கான குவளையால் அளக்க வேண்டும். ஆனால் எளிதில் தீப்பிடிக்காதவை என்பதால் சிக்கிமுக்கிப் பொறிக்கு ஒத்துவருவதில்லை. ஆகவே இவனுக்குக் கரிமருந்தேதான். எஃப் கூடக் கூட மருந்துத் தூள் பொடியாகும். குழலுக்குள் இரண்டு எஃப், பொறி வந்து விழும் வெளிக்கிண்ணத்துக்கு மாவாக இருக்கும் நான்கு எஃப். எவ்வளவு என்பதைத் துப்பாக்கியோடு வந்த கையேட்டில் பார்த்து, அந்த வரம்பைத் தாண்டாமல் இருந்தால் போதும்.

உன் அப்பா காட்டுப்பன்றி விரட்டத் தேங்காய் நாரை அடைத்துப் பால்ரஸ் குண்டு போடுவாரே, இவனும் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் சேது. அப்பாவின் குழல் உள்ளே வழவழப்பு. இவனுடையதில் திருகாணி போலப் புரி ஓடுகிறது. எஃகுக் குண்டு அதைக் கீறிப் பாழாக்கும். தூய ஈயம்தான் வேண்டும். 0.50 அங்குலக் குழலுக்கு 0.490 அங்குலக் குண்டு, அதைச் சுற்றி எண்ணெய் தோய்ந்த பருத்தித் துணி. துணிதான் புரியைப் பற்றிக்கொண்டு குண்டைச் சுழற்றி அனுப்புகிறது. பாலியெஸ்டர் கலந்த துணி உருகி ஒட்டிக்கொள்ளும்.

மாலையில் ஒரு காரியம் செய்தோம். குண்டை உள்ளே தள்ளிக் கெட்டிக்கும் கோலைக் காலிக் குழலில் அடிவரை விட்டு, குழல் வாயருகே கோலின் மேல் கத்தியால் ஒரு கோடு கீறினான். பிறகு சுடும் திடலுக்குப் போய் மருந்தும் குண்டும் இறக்கி, இன்னொரு கோடு. இனி இரண்டாவது கோடு வாய்க்கு மேலே நின்றால் குண்டு மருந்தின் மேல் உட்காரவில்லை என்று பொருள். நடுவே இடைவெளி விட்டுச் சுட்டால் குழல் புடைக்கும், பிளக்கவும் செய்யும். கோடு சரியாக வந்து நின்றபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ, அப்படியே உன் அப்பா.

26ஆம் தேதி நானும் கூடப் போகிறேன். கமலாவிடம் சொல்.

உன்
முத்தையா