விருதுகளைச் சொன்னீர்கள், வேலையையும் சொல்லுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்னை ஐ.ஐ.டி.யின் வேதியியல் பேராசிரியர் தலப்பில் பிரதீப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2020-இல் பத்மஸ்ரீ, அதே ஆண்டில் நிக்கேய் ஆசியா விருது, 2022-இல் வின்ஃபியூச்சர் என்று எல்லா விருதும் வந்துவிட்டன. அவர் தண்ணீரில் என்ன செய்தார் என்பதற்கு மட்டும் இரண்டே வரி. எனக்கு அதுதான் மனக்குறை.

குளிர்பானத்திலும் பாட்டில் தண்ணீரிலும் பூச்சிமருந்து இருப்பதாக நாடே பேசியது 2003-இல். அதே ஆண்டில்தான் அவருடைய குழுவின் ஒரு முக்கியமான ஆய்வு வந்தது. குளோரின் உள்ள கார்பன் டெட்ராகுளோரைடு என்ற நச்சுத் திரவத்தை, கண்ணுக்கே தெரியாத அளவு நுண்ணிய வெள்ளித் துகள்கள், அதாவது நானோ துகள்கள், சாதாரண அறை வெப்பத்திலேயே உடைத்துவிடுகின்றன. குளோரின் வெள்ளியோடு சேர்ந்துகொள்கிறது, மிஞ்சுவது கரி. கட்டி வெள்ளியை எவ்வளவு நேரம் போட்டு வைத்தாலும் இது நடக்காது. எண்டோசல்ஃபான், மாலத்தியான், குளோர்பைரிபாஸ் போன்ற பூச்சிமருந்துகளையும் இந்த வழியில் நீக்க முடியும் என்று அவர்கள் அடுத்தடுத்துக் காட்டினார்கள். 2007-இல் அது வீட்டுக் குடிநீர் வடிகட்டியாகக் கடைக்கு வந்தது. ஆய்வுக்கூடத்தில் கண்டது நான்கே ஆண்டில் சமையலறைக்கு வருவது நம் நாட்டில் அடிக்கடி நடக்கிற காரியமா?

அப்புறம் ஆர்சனிக் என்ற நச்சு. மேற்கு வங்கத்தில் குளத்துத் தண்ணீரால் காலரா வருகிறதென்று ஊர் ஊராகக் குழாய்க் கிணறு போட்டார்கள். அந்த நிலத்தடி நீரில் ஆர்சனிக் இருந்தது. நிறமும் கிடையாது, ருசியும் கிடையாது. ஆண்டுக்கணக்கில் குடித்த பிறகுதான் தோலில் புள்ளியாகவும், சிலருக்குப் புற்றுநோயாகவும் தெரிந்தது. இதற்குப் பிரதீப் குழு எடுத்துக்கொண்டவை இரும்பின் நானோ தாதுவும், இறால், நண்டு ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசானும். இரண்டையும் சேர்த்து மணல் போன்ற குருணையாக்கினார்கள். அதன் வழியே தண்ணீர் இறங்கும்போது ஆர்சனிக் அதில் ஒட்டிக்கொள்ளும். கரண்ட் வேண்டாம். 'அம்ரித்' என்று அதற்குப் பெயர்.

கிருமியைக் கொல்ல வெள்ளியைப் பயன்படுத்தியபோது வந்த சிக்கல்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சுத்தமான ஆய்வுக்கூடத் தண்ணீரில் வெள்ளி நன்றாக வேலை செய்யும். ஊர்த் தண்ணீரில் இருக்கும் உப்புகளும் சிலிக்காவும் துகள் மேல் படிந்து அதை மூடிவிடும். அதனால் துகள்களை ஒரு கூட்டுக்குள் வைத்து, வெள்ளி கொஞ்சம் கொஞ்சமாக மட்டும் கசியும்படி செய்தார்கள். 2013-இல் அந்த ஆய்வு வெளிவந்தபோது, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுச் செலவு சுமார் இரண்டரை டாலர் என்று கணக்கும் சொன்னார்கள். செலவை ஆய்வின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொண்ட அந்த மனசுக்கு நான் தலைவணங்குகிறேன்.

நான் தர்மபுரி மாவட்டத்தில் வேதியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், அது பல்லைக் கெடுக்கும். பழுப்புக் கறை படிந்த பல்லோடு, சிரிக்கக் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். நானோ தொழில்நுட்பம் என்றால் செல்போனும் ராக்கெட்டும்தான் என்று அவர்கள் நினைத்தார்கள். தங்கள் வீட்டுக் குடத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று யாராவது தமிழில் எழுதியிருந்தால், வகுப்பிலேயே எடுத்துக் காட்டியிருப்பேன்.

பிரதீப் மலையாளத்தில் நானோ பற்றி எழுதிய நூல் கேரள சாகித்ய அகாதமி விருது பெற்றது. 1993 முதல் அவர் வேலை பார்ப்பது சென்னையில். உங்கள் நிருபர் நேரில் போய்க் கேட்டு எழுதலாமே. வடிகட்டிக் குருணை எத்தனை மாதம் தாங்கும், பிடித்து வைத்த ஆர்சனிக்கை எங்கே கொண்டு போய்ப் போடுவது, கிராமத்தில் அதை யார் பராமரிப்பது, ஃபுளோரைடுக்கு இதே வழி எவ்வளவு தூரம் உதவும்? நான்கையும் அவசியம் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்,
தர்மபுரி மாவட்டம்.