"நான் எங்கே பயப்பட வேண்டும்?" என்று கேட்டவருக்கும் மற்றவர்களுக்கும்

அன்பு நண்பர்களே,

எங்கள் ஐந்து நிமிட த்ரில்லர் குறும்படத்துக்கு இன்னும் ஒரு ஷாட்கூட எடுக்கவில்லை. அதற்குள் நன்றி எதற்கு என்று தோன்றலாம். படம் முடிந்ததும் நன்றி சொல்ல நிறைய பேர் இருப்பார்கள். நீங்கள் உதவியது எங்களிடம் வெறும் தாள்கள் மட்டும் இருந்த நேரத்தில். அதனால் உங்களுக்குத் தனியாக, முதலில்.

கதைச்சுருக்கத்தையும், ஒவ்வொரு ஷாட்டையும் கட்டம் கட்டமாக வரைந்த ஸ்டோரிபோர்டையும் கொடுத்தபோது, "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட மாட்டீர்களா என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. சிலர் அப்படியே எழுதினீர்கள். அப்புறம் ஒரு தாளில் ஒரே ஒரு வரி: "நான் எங்கே பயப்பட வேண்டும்?"

எங்களிடம் பதில் இல்லை. வீட்டுக்குள் ஒருவன் ஒளிந்திருப்பதைக் கடைசி நொடிவரை மறைத்து வைத்திருந்தோம். அந்தத் தோழிதான் எங்களோடு உட்கார்ந்து, 1962இல் த்ரில்லர் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுக்கு அளித்த நீண்ட பேட்டியில் வரும் வெடிகுண்டு உதாரணத்தைச் சொன்னார். மேசைக்கு அடியில் குண்டு இருப்பது தெரியாமல் வெடித்தால் 15 விநாடி அதிர்ச்சி. இருப்பது நமக்கு முன்பே தெரிந்தால் 15 நிமிடத் தவிப்பு. இப்போது எங்கள் இரண்டாவது ஷாட்டிலேயே திரைச்சீலைக்குக் கீழே அவன் காலணி தெரிகிறது. எங்கள் நாயகி அதைப் பார்க்கவில்லை. தண்ணீர் குடிக்கிறாள், போனைத் தேடுகிறாள். வசனம் ஒரு வரிகூட மாறவில்லை. ஆனால் வாசித்துக் காட்டினால் கேட்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஏழாவது, எட்டாவது கட்டங்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டவருக்கும் பெரிய நன்றி. காட்சியின் குறுக்கே கற்பனையாகப் போட்டுக்கொள்ளும் 180 டிகிரி கோட்டுக்கு ஒரே பக்கத்தில் நிற்க வேண்டிய கேமரா, அதைத் தாண்டியிருந்தது. வலப்பக்கம் ஓடியவள் அடுத்த ஷாட்டில் இடப்பக்கம் ஓடுகிறாள். துரத்துபவனிடமே திரும்பி ஓடுவதுபோல் ஆகியிருக்கும். எடிட்டிங்கில் கண்டுபிடித்திருந்தால் எல்லோரையும் மறுபடி வரவழைக்க வேண்டும். தாளில் ஒரு ரப்பரோடு வேலை முடிந்தது.

"இசையை நிறுத்திவிட்டு அவள் மூச்சைக் கேட்க விடுங்கள்" என்றவர் சொன்னபடி, அந்தக் காட்சியில் இசை இல்லை. அந்த அமைதிக்கு அடியில் சேர்க்க, காலி அறையின் ஓசையையும் தனியாகப் பதிவு செய்யப் போகிறோம். கத்தி வரும் காட்சிக்கு முன் அக்கம்பக்கத்தில் சொல்லி வைக்கச் சொன்னதையும் குறித்துக்கொண்டோம்.

ஒன்றை மட்டும் ஏற்கவில்லை. அவன் ஏன் வந்தான் என்று சொல்லிவிடும்படி பலர் கேட்டீர்கள். காரணம் தெரிந்ததும் அவன் சாதாரண ஆளாகிவிடுவான் என்று நினைக்கிறோம். ஆனால் நீங்கள் கேட்டிருக்காவிட்டால் அதை யோசிக்காமலே விட்டிருப்போம். இப்போது யோசித்துத்தான் சொல்லாமல் விடுகிறோம்.

முதல் எடிட் தயாரானதும் மறுபடி உங்களிடம்தான் வருவோம். இந்த முறை கேள்வித்தாளில் முதல் கேள்வியை நாங்களே எழுதிவிட்டோம்: "எங்கே பயந்தீர்கள்?"

அன்புடன்,
குறும்படக் குழு