பென் டிரைவுல ஏறாத கலரு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

கடலூர் மஞ்சக்குப்பத்துல ஜெராக்ஸ், பிரவுசிங் கடை வெச்சிருக்கேன். ஸ்கூல் பிராஜக்ட் சமயத்துல பசங்க ஹெச்டிஎம்எல்ல, அதான் வெப் பேஜ் எழுதற மொழியில, பேஜ் பண்ணி பென் டிரைவோட வந்து நிப்பாங்க, முக்காவாசி பேருக்கு ஒரே பிரச்சனைதான், "அண்ணா வீட்டுல கலர் கலரா வந்துச்சு, இங்க வெறும் வெள்ளையா வருது, உங்க சிஸ்டம் சரியில்லையா?" என் சிஸ்டம் நல்லாத்தாங்க இருக்கு.

போன வாரம் ஒரு ப்ளஸ் டூ பொண்ணு சில்வர் பீச் பத்தி பேஜ் பண்ணி எடுத்துட்டு வந்துச்சு. நோட்பேட்ல தொறந்து பாத்தா கலர் ஃபைல பேஜோட சேக்கற லிங்க் டேக் பேஜோட தலைப்பகுதியான ஹெட்டுக்குள்ளதான் இருக்கு, என்ன ஃபைல்னு சொல்ற ரெல்லுல ஸ்டைல்ஷீட்னு சரியா போட்டிருக்கு, ஆனா ஃபைல் எங்க இருக்குன்னு சொல்ற ஹெச்ரெஃப்ல சி டிரைவ், யூசர்ஸ், அவங்கப்பா பேரு, டெஸ்க்டாப்னு நீளமா போவுது. அவங்கப்பா பேருல என் கம்ப்யூட்டர்ல எப்படிங்க ஃபோல்டர் இருக்கும்? சரி, வெறும் ஃபைல் பேர மட்டும் வெச்சு மாத்திடலாம்னு பாத்தா கலரெல்லாம் எழுதி வெச்ச அந்த சிஎஸ்எஸ் ஃபைலயே காப்பி பண்ணிட்டு வரல. வேர்டுல போட்டோ போட்டா அது உள்ளயே ஒட்டிக்குது, அந்தப் பழக்கம். ஹெச்டிஎம்எல் அப்படி இல்ல, போட்டோ, ஸ்டைல், ஸ்கிரிப்ட்னு தனி ஃபைலா வெச்சு லிங்க் பண்ணினது எதுவும் உள்ள இருக்காது, எங்க இருக்குன்ற அட்ரஸ் மட்டும்தான் இருக்கும். இத யாருமே அதுங்களுக்கு சொல்லல போல, டேக்க மட்டும் மனப்பாடம் பண்ணிட்டு வருதுங்க.

அட்ரஸ்லயும் ரெண்டு தினுசு. அந்தப் பொண்ணு மாதிரி சி டிரைவ்ல இருந்து முழுசா எழுதறது ஒண்ணு, இருக்கற எடத்துல இருந்து வழி சொல்ற ரிலேட்டிவ் பாத் இன்னொண்ணு. திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டுல நின்னு "இப்படியே நேரா போயி லெஃப்ட்ல திரும்பு"ன்னா அங்க நிக்கறவனுக்குத்தான் வழி, நெல்லிக்குப்பத்துல இருக்கறவனுக்கு அது ஆவாது. ரிலேட்டிவ் பாத்தும் அதே மாதிரிதான், ரெண்டு புள்ளி ஒரு ஸ்லாஷ் போட்டா இருக்கற ஃபோல்டர விட்டு ஒரு படி வெளிய வான்னு அர்த்தம். இப்படி எழுதி, மொத்த ஃபோல்டரையும் சேத்து தூக்கினா வேற மெஷின்லயும் வேலை செய்யும்.

இன்னொரு பையனுக்கு வீட்டுல எல்லாம் சரியா வந்துச்சு, நெட்ல ஏத்தினதும் போட்டோ காணோம். ஃபைல் பேருல முதல் எழுத்து கேபிடல், கோடுல ஸ்மால் லெட்டர். இந்த வித்தியாசத்த விண்டோஸ் கண்டுக்காது, நெட்ல பேஜ வெச்சிருக்கற லினக்ஸ் சர்வர் விடாதுங்க. அத கண்டுபுடிக்க எனக்கே அரை மணி நேரம் ஆச்சு.

கம்ப்யூட்டர் டீச்சருங்க மார்க் போடறதுக்கு முன்னாடி அந்த ஃபோல்டர வேற ஒரு மெஷின்ல ஒரு தடவ தொறந்து காட்டச் சொன்னா போதும். என் கடையில கூட்டம் கொறையும், பரவால்ல, ஜெராக்ஸ் ஓடுது.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.